அடுக்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம்

மதுரையில் பரோட்டா போடுபவரைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒரு பொறியியல் பாடமே கிடைக்கும். மாவை வீசி வீசி காகிதம் போல மெலிதாக்குவார். அதன் மேல் எண்ணெய் தடவுவார். மடித்துச் சுருட்டி, தட்டி, கல்லில் போடுவார். வெந்ததும் நாலைந்தை ஒன்றாகச் சேர்த்து இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் ஓர் அடி! அடுக்கு அடுக்காகப் பிரிந்து வரும். அப்படிப் பிரிந்தால்தான் அது நல்ல பரோட்டா. அடுக்குகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் இந்த வேலையைச் செய்கிறது.

விமானம் கட்டுபவர்களின் கவலை இதற்கு நேர் எதிரானது. இன்றைய விமானங்கள் பலவற்றின் இறக்கையும் வாலும் கார்பன் இழைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்படுகின்றன. அந்த அடுக்குகள் எந்தக் காரணத்தாலும் பிரியக் கூடாது. பிரியாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழியும் அடுக்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம்தான் என்பது வேடிக்கை! அந்தப் படலம் எப்படி வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை. இதே யோசனை மதுரையில், விமானத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் தனியாக முளைத்த கதையும் கடைசியில் வருகிறது.

கரி நூல் பிறந்த கதை

கார்பன் இழை என்பது அடிப்படையில் கரிதான். ஸ்வெட்டர் பின்னப் பயன்படும் அக்ரிலிக் நூலுக்கு நெருங்கிய உறவான ஓர் இழையை, ஆக்சிஜன் இல்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மற்றதெல்லாம் போய் கார்பன் மட்டும் மிஞ்சும். ஜப்பானில் ஒசாகா நகரிலிருந்த அரசு ஆய்வு நிலையத்தில் அகியோ ஷிண்டோ என்பவர் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் செய்து காட்டினார். 1960களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வாட், ஃபிலிப்ஸ், ஜான்சன் ஆகிய மூவரும் இழையை இழுத்துப் பிடித்தபடியே சூடாக்கி, மிக வலுவான இழையைப் பெற்றார்கள்.

ஓர் இழையின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரான்தான். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே திசையில் பரப்பி, எபாக்சி பிசினில் நனைத்தால் ஒரு தாள் கிடைக்கும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் எட்டில் ஒரு பங்கு. இழை ஓடும் திசையில் அந்தத் தாளை இழுத்துப் பிய்க்கவே முடியாது. குறுக்கே இழுத்தால் சுலபமாகக் கிழிந்துவிடும். அதனால் தாள்களை நேராக, குறுக்காக, சாய்வாக என்று மாற்றி மாற்றி அடுக்குவார்கள். பிறகு அழுத்தமும் வெப்பமும் கொடுத்து வேக வைப்பார்கள். பிரஷர் குக்கர் போன்ற, ஆனால் ஓர் அறை அளவுக்குப் பெரிய பாத்திரத்துக்குள் இது நடக்கும். வெளியே வரும் பொருளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம். அலுமினியத்துக்கு அது 2.7 முதல் 2.8 கிராம் வரை. எடை குறைவு, வலிமை அதிகம். விமானக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு கோழியும் ஒரு பெரிய கம்பெனியும்

முதலில் துணிந்து இறங்கியது ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம். அமெரிக்காவின் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்காக ஆர்பி211 என்ற புதிய எஞ்சினை வடிவமைத்தார்கள். அதன் முன்னால் சுழலும் பெரிய விசிறியின் இதழ்களை ‘ஹைஃபில்’ என்ற தங்கள் கார்பன் கூட்டுப்பொருளில் செய்வதாகத் திட்டம். எடை குறைந்தால் எரிபொருளும் குறையும்.

பறக்கும்போது எஞ்சினுக்குள் பறவை புகுந்துவிடலாம். அதனால் எந்த விசிறியையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துவார்கள். இறந்த கோழியை வேகமாகச் சுடுவார்கள். இதழ் தாங்க வேண்டும். 1970 மே மாதம் நடந்த சோதனையில் ஹைஃபில் இதழ்கள் தாங்கவில்லை, சிதறிப் போயின. நிறுவனம் டைட்டானியம் உலோகத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. எஞ்சினின் மொத்தச் செலவும் ஏற்கெனவே கைமீறிப் போயிருந்தது. 1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ் ராய்ஸ் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசே அதை எடுத்து நடத்த வேண்டி வந்தது. திவாலுக்கு ஹைஃபில் மட்டும் காரணம் இல்லை என்றாலும், ஒரு பாடம் எல்லோர் மனதிலும் பதிந்தது: வலிமை வேறு, அடி தாங்குவது வேறு.

இந்த வித்தியாசத்துக்கு அப்பளம் நல்ல உதாரணம். பொரித்த அப்பளத்தின் விளிம்பில் மெதுவாக ஒரு தட்டு தட்டினாலே விரிசல் மறுமுனை வரை ஓடிவிடும். பொரிக்காத அப்பளத்தை வளைக்கலாம். விரிசல் அவ்வளவு சுலபமாக ஓடாது. கார்பன் அடுக்குகளை ஒட்டிய அந்தக் கால எபாக்சி, பொரித்த அப்பளம் மாதிரி. கெட்டியானது, ஆனால் விரிசலை நிறுத்தத் தெரியாதது.

கண்ணுக்குத் தெரியாத காயம்

பறவை கூட வேண்டாம். விமானத்தைப் பழுது பார்க்கும் ஊழியர் கையிலிருந்து ஒரு ஸ்பானர் தவறி இறக்கை மீது விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலுமினியம் என்றால் ஒரு சொட்டை விழும். யார் கண்ணிலும் படும். கார்பன் இறக்கையில் வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் போகலாம். ஆனால் உள்ளே அடுக்குகளுக்கு நடுவே விரிசல் ஓடியிருக்கும். மேலே சின்னதாகத் தொடங்கி, கீழே போகப் போக அகலமாகும்.

அடுக்குகள் ஒட்டியிருக்கும் வரை ஐம்பது தாளும் சேர்ந்து ஒரு கட்டை மாதிரி நிற்கும். பிரிந்துவிட்டால் ஒவ்வொரு தொகுதியும் தனித்தனி. இறக்கையின் மேற்பரப்பு பறக்கும்போது அமுக்கப்படுகிறது. அமுக்கும்போது பிரிந்த தாள்கள் தனியாக வளைந்து புடைக்கும், பிரிவு இன்னும் பரவும். இழைகள் ஒன்றுகூட அறுந்திருக்காமல் போகலாம். ஆனாலும் அமுக்கத்தைத் தாங்கும் சக்தியில் பாதிக்கு மேல் போய்விடலாம்.

1970களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் நாசா இந்தப் பிரச்சினையை ஆழமாக ஆராய்ந்தது. ஒரு பலகையை முதலில் அடி, பிறகு அமுக்கிப் பார் என்ற சோதனை அப்போதுதான் வழக்கத்துக்கு வந்தது. 1980களில் எந்தப் புதிய கார்பன் பொருளையும் இந்தச் சோதனையில் எத்தனை மார்க் வாங்குகிறது என்று பார்த்துத்தான் எடை போட்டார்கள்.

பிசினையே மென்மையாக்கினால் என்ன?

எல்லோருக்கும் முதலில் தோன்றிய யோசனை இதுதான். எபாக்சியில் ரப்பர் துகள்களைக் கலந்தார்கள். தனியாகச் சோதித்தபோது அந்தப் பிசின் பிரமாதமாக விரிசலைத் தாங்கியது. அதையே கார்பன் தாள்களில் ஊற்றி வேக வைத்தபோது பாதிப் பலன் கூட வரவில்லை.

காரணம் இடப் பற்றாக்குறை. விரிசல் ஒன்று முன்னேறும்போது அதன் நுனிக்கு முன்னால் உள்ள பொருள் இழுபட்டு, நெளிந்து, சக்தியை உறிஞ்ச வேண்டும். நெளிவதற்கு இடம் வேண்டும். இழைகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் பிசினுக்குக் கிடைப்பது சில மைக்ரான் இடுக்குதான். பஸ்ஸில் நெரிசலில் நிற்பவர் கையைக் காலை அசைக்க முடியாத மாதிரி, பிசினால் நெளிய முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அமுக்கும்போது இழைகள் வளைந்துவிடாமல் முட்டுக் கொடுப்பது பிசின்தான். வாழைக்கன்றுக்கு ஊன்றுகோல் போல. எல்லா இடத்திலும் பிசின் மென்மையாக இருந்தால் அந்த ஊன்றுகோல் தொய்ந்துவிடும். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஆக, இழைகளுக்குப் பக்கத்தில் கெட்டியான பிசின் வேண்டும். அடுக்குகளுக்கு நடுவில் நெகிழும் பிசின் வேண்டும். ஒரே பிசினால் இரண்டையும் செய்ய முடியாது.

நடுவில் மட்டும்

1980களின் நடுவில் அமெரிக்கன் சயனமிட் என்ற ரசாயன நிறுவனத்தின் பொறியாளர்கள் பிரச்சினையை இரண்டாகப் பிரித்தார்கள். இழைகளை நனைப்பது பழைய கெட்டி எபாக்சிதான். ஒவ்வொரு தாளின் மேலும் தனியாக ஒரு நெகிழும் படலத்தை, சில பத்து மைக்ரான் தடிமனில் ஒட்டினார்கள். அடுக்கி வேக வைத்த பிறகும் அந்தப் படலம் கலந்துவிடாமல் தனியாகவே நின்றது. அடி விழுந்தபோது பிரிவு பரவும் பரப்பு குறைந்தது. அமுக்கத்தைத் தாங்கும் சக்தி நன்றாக உயர்ந்தது. விரிசல் எந்த வழியில் ஓடுகிறதோ, அந்த வழியில் மட்டும் ஒரு காவல்காரனை நிறுத்தியது போல!

குறையும் இருந்தது. படலம் என்றால் எடை. கார்பன் இழை இல்லாத எடை. ஐம்பது தாளுக்கு நடுவே நாற்பத்தொன்பது படலம் வைத்தால் பலகை தடிக்கும், இழையின் பங்கு குறையும். எதற்காகக் கார்பனுக்கு வந்தார்களோ அந்த லாபத்தில் ஒரு பகுதி கரைந்தது.

இதற்கு ஜப்பானின் டோரே நிறுவனம் அழகான ஒரு வழி கண்டுபிடித்தது. முழுப் படலத்துக்குப் பதிலாக, நைலான் வகைப் பிளாஸ்டிக்கின் நுண்ணிய துகள்களைப் பிசினில் கலந்து தாளின் மேற்பரப்பில் வைத்தார்கள். வேகும்போது பிசின் இழைகளுக்குள் இறங்கும். துகள்கள் இழை இடுக்கை விடப் பெரியவை. அதனால் இறங்க முடியாது. காபி பில்டரில் டிகாக்‌ஷன் கீழே இறங்க, தூள் மேலேயே தங்குவதைப் போல, துகள்கள் அடுக்குகளின் நடுவிலேயே தங்கிவிடும். அங்கே தானாகவே ஒரு மெல்லிய, சீரான இடையடுக்கு உருவாகிவிடுகிறது. தடிமன் சுமார் 30 மைக்ரான்.

இந்தப் பொருளைத்தான் போயிங் தன் 777 விமானத்தின் வாலுக்குத் தேர்ந்தெடுத்தது. அது 1994 ஜூன் 12 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதே 777க்காக ஜெனரல் எலக்ட்ரிக் செய்த ஜிஇ90 எஞ்சின் 1995இல் சேவைக்கு வந்தது. அதன் விசிறி இதழ்கள் என்ன தெரியுமா? உடையாத்தன்மை கூட்டப்பட்ட எபாக்சியில் செய்த கார்பன் இதழ்கள், முன் விளிம்பில் மட்டும் டைட்டானியம் உறை. 1970இல் கோழி உடைத்த கனவு கால் நூற்றாண்டு கழித்து நிறைவேறியது.

அடுத்து வந்த 787இல் எடைக் கணக்கில் சுமார் பாதி கூட்டுப்பொருள்தான். இறக்கை, உடல் இரண்டிலும் டோரேயின் அதே குடும்பத்துப் பொருள். 2012 செப்டம்பரில் ஏர் இந்தியாவும் தன் முதல் 787ஐப் பெற்றது.

ஆராய்ச்சி அங்கேயும் நிற்கவில்லை. மின்புலத்தால் பாலிமர் கரைசலை இழுத்து நூற்கும் முறையில், கார்பன் இழையை விட மெல்லிய நூல்களால் சிலந்தி வலை போன்ற சல்லாத் துணி செய்யலாம். அதை அடுக்குகளுக்கு நடுவில் வைக்கும் யோசனைக்கு ட்ஸெனிஸ், ரெனகர் என்ற இருவர் 2001இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். சதுர மீட்டருக்குச் சில கிராம் எடைதான். அப்போதிலிருந்து இன்றுவரை உலகெங்கும் இது முக்கியமான ஆய்வுத் துறையாக இருக்கிறது.

நம் நாட்டில்

இந்தியா இந்தத் துறைக்குப் புதியதல்ல. தேஜஸ் போர் விமானத்தை வடிவமைக்க 1984இல் ஒரு தனி அமைப்பு தொடங்கப்பட்டது. பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் அதன் கார்பன் பாகங்களில் பெரும் பங்கு வகித்தது. விமானத்தின் எடையில் சுமார் 45 சதவீதம் கூட்டுப்பொருள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடைகள் வந்தபோது திட்டம் தள்ளாடியது. ஆனாலும் 2001 ஜனவரி 4 அன்று அது முதன்முதலாகப் பறந்தது. 2018இல் தேஜஸ் படைப்பிரிவு கோவை அருகே சூலூருக்கு வந்தது.

இத்தகைய விமானங்களில் உள்காயம் இருக்கிறதா என்று ஒலி அலை செலுத்திப் பார்ப்பார்கள். அவசரத்துக்கு இன்னொரு எளிய முறையும் உண்டு: ஒரு நாணயம் அல்லது சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது. அடுக்கு ஒட்டியிருந்தால் கணீரென்று கேட்கும். பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். மானாமதுரையில் பானை வாங்குபவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் இதுதானே!

திருப்பரங்குன்றத்துச் சாலை

இனி மதுரைக்கு வருவோம். தார்ச் சாலையும் ஓர் அடுக்குப் பொருள்தான். கருங்கல் ஜல்லி, அதை ஒட்டும் தார். ஜல்லியும் உடைவதில்லை, தாரும் உடைவதில்லை. சாலை கெடுவது இரண்டுக்கும் நடுவில். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து கல்லுக்கும் தாருக்கும் இடையே நுழைகிறது. கல்லின் மேற்பரப்புக்குத் தாரை விடத் தண்ணீரைப் பிடிக்கும். தார் உரிந்துவிடும். மேலே லாரி போகும்போது ஜல்லி பெயரும். அடுத்த நாள் அங்கே ஒரு குழி.

திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ராஜகோபாலன் வாசுதேவன். குப்பையில் சேரும் கேரி பேக்குகளை என்ன செய்வது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பிளாஸ்டிக்கைத் தாரில் கலக்கும் முயற்சிகள் ஏற்கெனவே உலகில் நடந்திருந்தன. ஆனால் கொஞ்சம்தான் கலக்க முடியும். வைத்திருந்தால் தனியே பிரிந்துவிடும். வாசுதேவன் வரிசையை மாற்றினார். பிளாஸ்டிக்கைத் தாரில் போடாமல், சூடான கல்லின் மேல் போட்டார்!

ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன் மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் ஒரு நிமிடத்துக்குள் அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கல்லின் நுண்துளைகள் அடைபடும். தண்ணீர் நுழைய வழியில்லை. அதன் மேல் சூடான தாரை ஊற்றிக் கிளறினால், பிளாஸ்டிக்கும் தாரும் இரண்டும் எண்ணெய் வழி வந்த பொருள்கள் என்பதால் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே இப்படி ஒரு சாலை போடப்பட்டது. அதே ஆண்டு சென்னையில் ஜம்புலிங்கம் தெருவிலும் போட்டார்கள். 2006இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2013இல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் இதற்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2015இல் மத்திய அரசு, 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச் சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்க்கச் சொன்னது. 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும். அந்த அளவுக்குத் தாரும் மிச்சம்.

விமானத்தையும் சாலையையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. விமானத்தில் படலம் நெளிந்து விரிசலை நிறுத்துகிறது. சாலையில் அது முக்கியமாகத் தண்ணீரைத் தடுத்து ஒட்டுதலைக் கூட்டுகிறது. ஆனால் யோசனையின் உருவம் ஒன்றுதான். சயனமிட் பொறியாளர்கள் பிசின் முழுவதையும் மாற்றாமல் நடுவில் மட்டும் வைத்தார்கள். வாசுதேவன் தார் முழுவதையும் மாற்றாமல் கல்லின் மேல் மட்டும் வைத்தார். எங்கே பிரிகிறதோ அங்கே மட்டும்.

இரண்டிலும் எச்சரிக்கையும் ஒரே மாதிரிதான்: அளவு தவறினால் நன்மையே தீமையாகும். விமானத்தில் படலம் தடித்தால் எடை. சாலையில் சூடு அளவுக்கு மேல் போனால் பிளாஸ்டிக் சிதைந்து கெட்ட வாயு வரும். பிவிசி கலந்துவிட்டால் குளோரின் கலந்த நச்சு வாயு வரும். அதனால் பிவிசியை நெறிமுறையே தடை செய்கிறது. சாலை தேயும்போது நுண்பிளாஸ்டிக் மண்ணில் சேருமா என்ற கேள்வியும் இன்று எழுப்பப்படுகிறது. மேற்பார்வை இல்லாமல் போடப்படும் சாலைக்கு எந்தக் காப்புரிமையும் உதவாது.

ஒரு பொருளின் பலத்தைக் கேட்டால் நாம் உடனே எந்த இழை, எந்தக் கல் என்றுதான் பார்க்கிறோம். ரோல்ஸ் ராய்ஸும் 1970 வரை இழையைத்தான் பார்த்தது. அதன் பிறகு நடந்த ஐம்பது ஆண்டு வரலாறு முழுக்க இழைக்கும் இழைக்கும், கல்லுக்கும் தாருக்கும் நடுவில் உள்ள கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நடந்திருக்கிறது. மதுரையைச் சுற்றி இன்று வாழைநார், கற்றாழைநார், தென்னம்பன்னாடை என்று உள்ளூர் இழைகளில் கூட்டுப்பொருள் செய்து பார்க்கும் கல்லூரி ஆய்வகங்கள் பல உண்டு. அவற்றிலும் மாணவர்களின் நேரத்தில் பெரும்பகுதி ஒரே கேள்வியில்தான் போகிறது: இழையும் பிசினும் சேருமிடத்தில் என்ன நடக்கிறது? நல்ல கேள்விதான். அந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டதால்தான் ஒரு பெரிய கம்பெனியின் விசிறியும் சிதறியது, நம் ஊர்ச் சாலைகளும் ஒவ்வொரு மழைக்கும் குழியாயின.